மூலத்தை முழுதாகக் கொடுங்கள்

மொழிபெயர்ப்பு பயிலும் நம் மாணவருக்குப் பயிற்சிக்குத் தரப்படுபவை பெரும்பாலும் பத்து வரிப் பத்திகள். யாரோ எளிமைப்படுத்தி, மேற்கோளையும் அடிக்குறிப்பையும் நீக்கிக் கொடுத்தவை. படிப்பை முடித்து வேலைக்குப் போனால் கைக்கு வருவதோ ஒன்றும் நீக்கப்படாத ஆய்வறிக்கை. மைசூரில் இயங்கும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம், உயர்கல்விப் பாடநூல்களைத் தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் கொண்டுவரும் நோக்குடன் தொடங்கப்பட்டது. அத்தகைய பணிக்குச் சொல்வளம் மட்டும் போதாது. ஒரு துறையினர் எதை உறுதியாகச் சொல்கிறார்கள், எதைத் தயங்கிச் சொல்கிறார்கள், யாரை மறுக்கிறார்கள் என்று பார்த்துப் படிக்கத் தெரிய வேண்டும்.

ஐ.பி.சி.சி. எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொள்வோம். கொள்கை வகுப்போருக்கான அதன் சுருக்கத்தில் ‘லைக்லி’, ‘வெரி லைக்லி’ போன்ற சொற்கள் சாய்வெழுத்தில் வரும். அவற்றின் அளவு அடிக்குறிப்பில் இருக்கிறது: முன்னது 66 முதல் 100 விழுக்காடு வரையிலான வாய்ப்பு, பின்னது 90 முதல் 100 வரை. ‘விர்ச்சுவலி செர்ட்டன்’ என்றால் 99க்குக் குறையாது. அடிக்குறிப்பைப் பார்க்காத மாணவர் மூன்றையும் ‘கூடும்’ என்றே முடித்துவிடலாம். அறிவியலாளர்கள் கூடிப் பேசி, அளந்து வைத்த உறுதி அங்கே கரைந்துபோகும். அவருடைய ஆங்கில அறிவைக் குறை சொல்ல முடியாது. அகராதியும் அவரைத் தடுக்காது. அடிக்குறிப்பே இல்லாத பத்திகளில் பழகியதால் வந்த வினை இது. அறிக்கையையே கையில் கொடுத்து, மொழிபெயர்க்கும் முன் ஒவ்வொரு கூற்றின் உறுதியையும் ஓரத்தில் குறிக்கச் சொன்னால், ‘வாய்ப்புண்டு’, ‘பெரிதும் வாய்ப்புண்டு’, ‘ஏறத்தாழ உறுதி’ என்று தமிழில் ஒரு படிவரிசையை மாணவர்களே வகுத்துக்கொள்வார்கள்.

மூலம் நீளமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. அமைப்பைப் பற்றி 1953 ஏப்ரல் 25 ‘நேச்சர்’ இதழில் எழுதியது ஒரு பக்கத்துக்குச் சற்றே கூடுதல். பாலிங்கும் கோரியும் முன்வைத்த மூன்றிழை அமைப்பை ஏன் ஏற்க இயலவில்லை என்று முதலில் காரணம் காட்டிவிட்டுத்தான் தம் ஈரிழை அமைப்பைச் சொல்கிறார்கள். முன்னோர் செய்ததைச் சொல்லி, அதிலுள்ள இடைவெளியைக் காட்டி, அங்கே தம் கருத்தை நிறுத்துவதே ஆய்வுரை முன்னுரையின் போக்கு என்று மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் விளக்கினார். அந்தக் கோட்பாட்டைப் பாடமாக ஒப்பிப்பதைவிட, இந்த ஒரு பக்கத்தில் மாணவர் தாமே கண்டுகொள்வது மனத்தில் நிற்கும்.

தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைகளுக்கு இது கடினமாயிற்றே என்பார்கள். உண்மைதான். அதற்காக மூலத்தைச் சுருக்க வேண்டாம், வேலையைச் சுருக்குவோம். முழுவதையும் வகுப்பில் கூடிப் படிக்கட்டும், ஒரு பத்தியை மட்டும் மொழிபெயர்க்கட்டும். பாடத்திட்டம் வகுப்போர் ஒரு தாளையாவது, அடிக்குறிப்போடும் மேற்கோளோடும் கூடிய முழுமையான ஓர் ஆங்கில மூலத்துக்கென்று ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.