பேட்டரியைக் கழற்றிய கை: வாடகை வீட்டுப் புகை அலாரத்தின் கதை

வெளிநாட்டுல வாடகைக்கு இருக்கிற நம்ம ஆட்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வாங்க. காய்ந்த எண்ணெய்ல கடுகும் மிளகாயும் போட்டு முடிக்கல, கூரையில் இருக்கிற வட்டப் பெட்டி அலற ஆரம்பிச்சிடும். ஒருத்தர் ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பார். இன்னொருத்தர் நாற்காலி மேல ஏறித் துண்டை வீசுவார். ரெண்டு மூணு தடவை இப்படி நடந்தா, பேட்டரியைக் கழற்றி டிராயர்ல போட்டுடுவாங்க.

இந்த எபிசோடுல நான் பேசப்போறது அந்தப் பேட்டரியைப் பத்தித்தான். புகையைக் கண்டுபிடிக்கிற கருவி வந்து ரொம்ப நாளாச்சு. ஆனா வாடகை வீட்டில் அதை வாங்குறது யார், மாட்டுறது யார், வேலை செய்யுதான்னு பார்க்கிறது யார்? இந்த மூணு கேள்விக்கும் சட்டம் இன்னும் பதில் எழுதிக்கிட்டே இருக்கு.

முதல்ல கருவி. 1930களில் சுவிட்சர்லாந்தில் வால்டர் யேகர் என்ற இயற்பியலாளர் விஷவாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்து பார்த்தார். விஷவாயுவுக்கு அது அசையவே இல்லை. அலுத்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். மீட்டர் முள் இறங்கியது! வாயுவுக்கு மசியாத கருவி, புகைக்கு மசிந்தது.

பிற்காலத்தில் வீட்டுக்கு வந்த அலாரங்களிலும் அதே தத்துவம்தான். அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியூண்டு உள்ளே இருக்கும். அது காற்றை அயனியாக்கி, ஒரு சின்ன மின்னோட்டத்தை ஓட வைக்கும். புகைத் துகள் உள்ளே புகுந்தால் மின்னோட்டம் குறையும், அலாரம் அடிக்கும். நீண்ட காலம் இது பெரிய கட்டடங்களுக்கான விலை உயர்ந்த சமாச்சாரமாகவே இருந்தது. அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் டுவேன் பியர்சால் என்பவரின் நிறுவனம், பேட்டரியில் ஓடும் வீட்டு அலாரத்தை உருவாக்கி 1970களின் நடுவில் பெருமளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

நேரமும் சரியா அமைஞ்சது. 1973-ல் 'அமெரிக்கா பர்னிங்' என்ற அரசு ஆணைய அறிக்கை வெளியானது. தீயால் அந்நாட்டில் வருடத்துக்குச் சுமார் 12,000 பேர் சாகிறார்கள் என்றது. 1975-ல் அமெரிக்காவில் 10 சதவீதத்துக்கும் குறைவான வீடுகளில்தான் அலாரம் இருந்தது. 2000-ல் அது 95 சதவீதம். அதே காலத்தில் வீட்டுத் தீயில் சாகிறவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

சொந்த வீட்டுக்காரர் கடைக்குப் போய் ஒண்ணு வாங்கி மாட்டிடுவார். வாடகைக்கு இருக்கிறவர் என்ன செய்வார்? கூரையில் ஓட்டை போட்டா அட்வான்ஸ்ல பிடிப்பாங்களோன்னு பயம். ஓனருக்கோ அவசரமே இல்லை, அங்க தூங்குறது அவர் இல்லையே! அதனால நகரங்கள் சட்டம் போட்டன. நியூயார்க் நகரத்தில் 1980களின் தொடக்கத்திலேயே அடுக்குமாடி வீடுகளுக்கு ஓனர்தான் அலாரம் கொடுக்கணும்னு விதி வந்தது. கொடுத்த பிறகு அதைப் பராமரிக்கிறது குடியிருப்பவர் வேலை. கருவிக்காக 25 டாலரை அவரிடமே ஓனர் வசூலிக்கலாம்.

காகிதத்தில் நியாயமான பங்கீடுதான். ஆனா அமெரிக்கத் தீப் பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏ-வின் ஆய்வுகளைப் பாருங்க. வீட்டுத் தீ மரணங்களில் ஐந்தில் மூன்று, அலாரம் இல்லாத அல்லது இருந்தும் அடிக்காத வீடுகளில் நடந்திருக்கின்றன. இருந்தும் அடிக்காததுக்கு முதல் காரணம், பேட்டரியைக் கழற்றியிருப்பாங்க, இல்லைன்னா அது செத்திருக்கும். சட்டம் கூரையில் இருக்கிற பெட்டியை எண்ணியது. பேட்டரி டிராயர்ல கிடந்தது.

அடுத்து சட்டம் அந்த டிராயருக்கே வந்தது. நியூயார்க் மாநிலத்தில் 2019 ஏப்ரல் 1 முதல், பேட்டரி அலாரம் விற்றால் அது பத்து வருஷம் ஓடும், கழற்றவே முடியாத பேட்டரியோடுதான் இருக்கணும். கை வைக்க இடமே இல்லை.

இதே சிக்கலை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து இன்னும் ஆழமாகத் தொட்டது. 2011 ஆகஸ்ட்டில் அங்கே லோகன் நகரத்தின் ஸ்லாக்ஸ் கிரீக் பகுதியில் ஒரே வீட்டில் 11 பேர் தீயில் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மரண விசாரணையின் பரிந்துரைகளுக்குப் பிறகு 2016-ல் புதுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு படுக்கையறையிலும் அலாரம் வேணும். ஒண்ணு அடிச்சா எல்லாம் சேர்ந்து அடிக்கணும். அது ஒளியை வைத்துப் புகையை அறியும் வகையாகவும் இருக்கணும், ஏன்னா புகைந்துகொண்டே பரவும் தீயை அது சீக்கிரம் பிடிக்கும், சமையல் புகைக்கு அவ்வளவாக ஏமாறாது. எனக்கு முக்கியமாகப் பட்டது காலக்கெடு. சொந்த வீட்டுக்காரர்களுக்கு 2027 ஜனவரி 1 வரை நேரம். வாடகை வீடுகளுக்கு 2022 ஜனவரி 1-க்குள் முடிக்கணும். தானே மாற்றிக்கொள்ள முடியாதவருக்கு முதலில் என்று அந்தச் சட்டம் வரிசை போட்டதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன்.

அந்தக் கெடு முடிந்து எட்டு நாள். 2022 ஜனவரி 9, உலகத்தின் மறுபக்கம், நியூயார்க்கின் பிராங்க்ஸ். 19 மாடி வாடகைக் குடியிருப்பு ஒன்றில் அறை ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. 17 பேர் இறந்தார்கள், அதில் 8 குழந்தைகள். பலர் காம்பியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். தீ பெரிதாகப் பரவவில்லை, ஆட்களைக் கொன்றது புகை. தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவுகள் திறந்தே நின்றதால் புகை மாடி மாடியாக ஏறியது.

அலாரம்? அடிச்சது! ஆனா அந்தக் கட்டடத்தில் அது அடிக்கடி சும்மா அடிக்கும், அதனால முதல்ல பொருட்படுத்தலைன்னு பல குடியிருப்பாளர்கள் பிறகு சொன்னாங்க.

எனக்கு மனசுல நிற்கிறது இதுதான். பேட்டரியைக் கழற்ற முடியாதபடி சட்டம் எழுதலாம், ஆனா காது பழகிப்போறதைச் சட்டத்தால் தடுக்க முடியாது. பொய்யா அடிக்கிற அலாரத்தைச் சரிசெய்யாம விட்டா, அதுவும் பேட்டரி இல்லாத அலாரம் மாதிரிதான். குடியிருப்பவர் அலட்சியம்னு சொல்றது சுலபம். அந்த அலட்சியம் எத்தனை வருஷப் பொய் அலறல்ல உருவாச்சுன்னும் கேட்கணும்.

இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல் ஒரு மாற்றம் வந்திருக்கு. அலாரம் வேலை செய்யலைன்னு குடியிருப்பவர் சொன்னா, ஓனர் கூடிய சீக்கிரம் அதைச் சரிசெய்யணும் அல்லது மாற்றணும். மூணாவது கேள்விக்கு, அதாவது பார்க்கிறது யார் என்பதற்கு, இப்போதைக்குக் கிடைத்த பதில்: நீங்க சொல்லணும், அவர் செய்யணும். அதனால ஓனருக்கு நீங்க அனுப்புற அந்த மெசேஜை நச்சரிப்புன்னு நினைக்காதீங்க. தேதியோட, எழுத்துல அனுப்புங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.