நடத்துபவரும் அவரே, பார்வையிடுபவரும் அவரே: வாவிக்கரைச் சிறுவர் இல்லங்களின் மேற்பார்வை வரலாறு

ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒதுங்க இடம் கொடுக்கும் வேலையை மட்டக்களப்பு வாவிக்கரையில் அரசாங்கம் தொடங்கவில்லை. மிஷனரிமார் பாடசாலைகளோடு விடுதிகளையும் கட்டினார்கள். கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தர் 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தை ஒட்டி இராமகிருஷ்ண மிஷனின் மாணவர் இல்லம் வளர்ந்தது. இப்படியான இடங்களுக்குள் போய்ப் பார்க்கும் கடமை அன்று சட்டப்படி எவருக்கும் இருக்கவில்லை. நடத்துபவரின் நல்ல பெயரை ஊர் நம்பியது.

சட்டம் வந்தது 1939இல். அந்த ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் சிறுவர் நீதிமன்றத்துக்கும் நீதிமன்றம் பிள்ளைகளை ஒப்படைக்கும் நிறுவனங்களுக்கும் வழிவகுத்தது. 1941ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம் தனியார் இல்லங்களைப் பதிவு செய்யவும் பார்வையிடவும் அதிகாரம் கொடுத்தது. நன்னடத்தைக்கான கட்டளைச் சட்டம் 1944இல் பிறந்தது. இன்றும் சிறுவர் இல்லத்துப் படலையைத் தட்டும் நன்னடத்தை உத்தியோகத்தர் அந்த மரபில் வந்தவர்தான். குற்றம் செய்தவரைத் திருத்தும் வேலைக்கென உருவான பதவி, குற்றமே செய்யாத பிள்ளையின் காவலாகவும் ஆனது இலங்கை நிர்வாகத்தின் விசித்திரங்களில் ஒன்று.

பெரிய திருப்பம் 1987இல் வந்தது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகளை மாகாண சபைகளின் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் அரச சிறுவர் இல்லங்களை நடத்துவது, தனியார் இல்லங்களைப் பதிவது, இரண்டையும் பரிசோதிப்பது எல்லாம் மாகாணத் திணைக்களம் ஒன்றின் கையில் வந்து சேர்ந்தன. தொண்டு நிறுவனத்தின் இல்லத்தைப் பார்க்கும்போது உத்தியோகத்தர் வெளியாள். தன் திணைக்களமே நடத்தும் இல்லத்துக்குள் போகும்போது அவர் யார்? இந்தக் கேள்வி அன்று எழவில்லை. எழுப்பும் சூழலும் இல்லை. வடக்கு கிழக்கு மாகாண சபை 1990இல் கலைந்தது. அதே ஆண்டு கிழக்கில் மூண்ட போரில் ஏராளமான பிள்ளைகள் பெற்றோரை இழந்தார்கள்.

வாவி அப்போது நிர்வாக எல்லையாகவும் மாறியது. கிழக்குக் கரையான எழுவான்கரை அரசின் கையில். மேற்குக் கரையான படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கையில். மண்முனைத் துறையில் ‘பாதை’ எனும் மிதவையில் ஏறி அக்கரை போவதே ஒரு நாள் வேலையாக இருந்த காலம். மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014இல்தான். கட்டளைச் சட்டம் இரு கரைக்கும் ஒன்று என்றாலும், அதைக் கையில் கொண்டு போகிறவர் சோதனைச்சாவடி வரையில்தான் சுதந்திரமாக நடமாட முடிந்தது.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலை. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒரு மணல் நாக்கு போல் நீண்டு கிடக்கும் நாவலடியில் சமாரித்தன் சிறுவர் இல்லம் இருந்தது. அலை எழுவதைக் கண்ட இல்லத்தினர் பிள்ளைகளை இயந்திரப் படகில் ஏற்றி வாவிக்குள் விரைந்தார்கள். எல்லாரும் தப்பினர், இல்லம் அழிந்தது. பதிவும் பரிசோதனையும் கட்டில், கழிவறை, சமையலறை என்று எண்ணிக்கொண்டிருந்த நாட்டில், ஆபத்து வேளையில் பிள்ளைகளை எப்படி வெளியேற்றுவது என்ற கேள்விக்கு அன்று விடை சொன்னவை இல்லத்தினரின் சமயோசிதமும் ஒரு படகும்.

சுனாமி ஒரு நன்மையும் செய்தது. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம், பெற்றோரை இழந்தவர்களைப் பதிந்து வளர்ப்புக் குடும்பங்களின் பொறுப்பில் விட வழிவகுத்தது. உதவிப் பணம் குவிந்த கரையோரத்தில் புதுப்புது இல்லங்கள் முளைக்கும் ஆசைக்கு அது ஓரளவு தடை. அதே ஆண்டு சேவ் த சில்ட்ரன் அமைப்பு வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைத் தெளிவாக்கியது: இல்லங்களில் இருந்த பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தனர். வறுமைதான் அவர்களைக் கொண்டுவந்து விட்டது. பரிசோதகரின் படிவத்தில் இந்தப் பிள்ளை ஏன் இங்கே இருக்கிறது என்ற கேள்வி முதலில் வந்திருக்க வேண்டும்.

நடத்துபவரே பார்வையிடுவது என்ற முடிச்சில் பிரித்தானியாவும் சிக்கியிருந்தது. ஸ்டாஃபோர்ட்ஷயர் கவுன்டி சபையின் இல்லங்களில் 1983 முதல் 1989 வரை பிள்ளைகளைத் தனியறையில் அடைத்துவைத்த ‘பின்டவுன்’ முறை 1991 விசாரணை அறிக்கையில் அம்பலமானது. சபைகள் தாமே நடத்தும் இல்லங்களும் கட்டாயப் பதிவுக்குள் வந்தது 2000ஆம் ஆண்டின் பராமரிப்புத் தரநிலைச் சட்டத்தால்தான். நடத்துபவரிடமிருந்து பார்வையிடுபவரைப் பிரிக்க அங்கும் முறைகேடு ஒன்று வெடிக்க வேண்டியிருந்தது.

இங்கே வெளிக் கண்கள் இல்லாமல் இல்லை. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழு உண்டு. ஆனால் பிரதேச செயலகத்துக்குப் போனால் மாகாணத்தின் நன்னடத்தை உத்தியோகத்தர், மத்திய அரசின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், அதிகார சபையின் உத்தியோகத்தர் என மூவர் மூன்று மேலிடங்களுக்கு அறிக்கை எழுதுகிறார்கள். அவற்றை ஒன்றாக அடுக்கிப் படிக்கும் மேசை எது என்பதுதான் சிக்கல்.

2023 நவம்பர் இறுதியில், வாவியின் தென்கோடியான கல்முனையில் உள்ள சிறுவர் நன்னடத்தைப் பாடசாலையில் இருந்த பதின்ம வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். தாக்கப்பட்டான் என்ற சந்தேகத்தில் பணியாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். இப்படியொரு மரணம் குறித்து மாகாண அமைச்சரைச் சபையில் எழுப்பிக் கேட்பதற்கென்றே மாகாண சபை இருக்கிறது. 2008இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிழக்கு மாகாண சபையின் இரண்டாவது பதவிக்காலமோ 2017 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. மறு தேர்தல் நடக்காததால் மாகாணம் ஆளுநரின் நிர்வாகத்துக்குள் போனது. திணைக்களம் நடத்தியது, திணைக்களம் பார்வையிட்டது; அதன் அமைச்சரிடம் கேட்க ஓர் உறுப்பினர்கூட அந்த நவம்பரில் பதவியில் இல்லை.