திட்ட நிதியின் ஊதியக் காலக் கணிப்பு

ஊதியக் காலக் கணிப்பு என்பது, ஒரு திட்டத்திற்கு ஒதுக்கப்பட்ட தொகை அதில் பணிபுரிவோரின் ஊதியத்திற்கு எத்தனை மாதங்கள் போதுமானதாக இருக்கும் என்பதை முன்கூட்டியே அறியும் முறையாகும். ஒப்பந்தப் பணிகளில் இக்கணிப்பு தவறினால், பணி முடியும் முன்பே நிதி தீர்ந்து, தொழிலாளரின் கூலி நிலுவையாகும்.

== அடிப்படை வாய்பாடு ==
காலம் (மாதங்களில்) = ஊதிய ஒதுக்கீடு ÷ ஒரு மாதத்தின் மொத்த ஊதியச் செலவு

தொழிலாளரின் கூலியை மட்டும் மாதச் செலவாகக் கொள்வது பொதுவாக நேரும் பிழையாகும். வேலையளிப்பவர் செலுத்த வேண்டிய பங்களிப்புகளும் இதில் அடங்கும்.

* வருங்கால வைப்பு நிதி: 12%. இணைந்த காப்பீடு 0.5%, நிர்வாகக் கட்டணம் 0.5%.
* தொழிலாளர் அரசுக் காப்பீடு (பொருந்தும் பணிகளில்): 2019 சூலை முதல் 3.25%.
* போனஸ்: குறைந்த அளவு 8.33%. இது மாதந்தோறும் வழங்கப்படுவதில்லை. எனினும் மாதந்தோறும் ஒதுக்கி வைக்கப்பட வேண்டும்.

== நெய்வேலியும் ஒப்பந்தப் பணியும் ==
கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி, 1956 இல் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சார்ந்து வளர்ந்த நகரியம் ஆகும். 2016 இல் இந்நிறுவனம் என்எல்சி இந்தியா எனப் பெயர் மாற்றம் பெற்றது. இங்கு நிரந்தரத் தொழிலாளரோடு ஒப்பந்தத் தொழிலாளர்களும் பணிபுரிகின்றனர். பணி நிரந்தரம், ஊதியம் ஆகிய கோரிக்கைகளுக்காக ஒப்பந்தத் தொழிலாளர்கள் 2012, 2023 ஆகிய ஆண்டுகளில் வேலைநிறுத்தம் செய்தனர்.

நடுவண் அரசின் அதிகார வரம்பிலுள்ள பணிகளுக்கான குறைந்தபட்சக் கூலியில் மாறும் அகவிலைப்படி சேர்ந்துள்ளது. நுகர்வோர் விலைக் குறியீட்டின் அடிப்படையில் இது ஆண்டுதோறும் ஏப்ரல் 1, அக்டோபர் 1 ஆகிய நாட்களில் திருத்தப்படுகிறது. ஆகவே ஓராண்டு ஒப்பந்தத்தின் இடையில் கூலி உயரக்கூடும் என்பதைக் கணிப்பில் சேர்த்தல் வேண்டும்.

== எடுத்துக்காட்டு ==
கீழுள்ளவை விளக்கத்திற்கான எண்களே. நடைமுறைக் கூலி அல்ல. நகரியத் துப்புரவுப் பணி ஒன்றிற்கு 20 பேர், நாட்கூலி ரூ. 500, மாதம் 26 நாட்கள், ஒதுக்கீடு ரூ. 31,20,000 எனக் கொள்வோம்.

# கூலி மட்டும்: மாதம் ரூ. 2,60,000. காலம் 12 மாதங்கள்.
# வைப்பு நிதி, காப்பீடு (16.25%) சேர்த்து: மாதம் ரூ. 3,02,250. காலம் ஏறத்தாழ 10.3 மாதங்கள்.
# போனஸ் (8.33%) சேர்த்து: மாதம் ரூ. 3,23,908. காலம் ஏறத்தாழ 9.6 மாதங்கள்.
# ஆறு மாதங்களுக்குப் பின் கூலி 4% உயர்ந்தால்: காலம் ஏறத்தாழ 9.5 மாதங்கள்.

முதற்பார்வையில் ஓராண்டுக்குப் போதுமெனத் தோன்றிய நிதி, பத்தாம் மாதத்தின் நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது. பன்னிரண்டு மாதங்களுக்கு ஏறத்தாழ ரூ. 39,65,000 தேவை. அதே நிதியில் ஓராண்டு பணி நடைபெற வேண்டுமாயின் 15 பேரையே அமர்த்த இயலும்.

== சட்டப் பொறுப்பு ==
ஒப்பந்ததாரர் கூலி வழங்கத் தவறினால், அதனை வழங்கும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரைச் சாரும் என 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அச்சட்டத்திற்கு மாற்றாக 2020 இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டத்திலும் இக்கோட்பாடு இடம்பெற்றுள்ளது. எனவே நிதி குறைவாகக் கணிக்கப்பட்டது என்பது கூலியை மறுப்பதற்குக் காரணமாகாது. ஒப்பந்தப்புள்ளி மதிப்பிடும் நிலையிலேயே பங்களிப்புகளையும் கூலித் திருத்தத்தையும் சேர்த்துக் கணிப்பது, தொழிலாளர், ஒப்பந்ததாரர், நிறுவனம் ஆகிய மூவருக்கும் பாதுகாப்பாக அமையும்.

== இவற்றையும் பார்க்கவும் ==
* நெய்வேலி
* குறைந்தபட்சக் கூலி
* வருங்கால வைப்பு நிதி