கிணற்றடியும் கிளர்ச்சியும்: உடுப்பிட்டிச் சூழலில் உழவர் வாழ்வு, போராட்டம், படைப்பு

1. எடுகோள்

புரட்சி வரலாறுகளில் உழவர் பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான் வருகிறார்கள். எதிரே பெருநிலக்கிழார், கோரிக்கை காணி அல்லது கூலி. 1927இல் மாஓ சேதுங் ஹூனான் மாகாண உழவர் இயக்கம் பற்றி எழுதிய அறிக்கை, 1946 முதல் 1951 வரை நீண்ட தெலங்கானாப் போராட்டம், 1967இன் நக்சல்பாரி, 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி ஆகிய எல்லாவற்றிலும் நடுவில் இருந்தவை நிலமும் நெல்லுமே. இந்த அளவுகோலோடு இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள வடமராட்சிக்கு வருபவர் ஏமாந்துபோவார். இங்கே நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருந்த மிராசுதார் இல்லை, களஞ்சியம் உடைக்கப்படவில்லை, காணி பறித்துப் பங்கிடவில்லை. ஆனாலும் கிளர்ச்சி நடந்தது. தேநீர்க்கடையில் நடந்தது, கோயில் வாசலில் நடந்தது, கிணற்றடியில் நடந்தது.

இதைச் 'சாதிப் போராட்டம்' என்று ஒரு புறமும், 'விவசாயிகள் பிரச்சினை' என்பதை மறுபுறமும் வைத்துப் பேசுவது நம் ஆய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. அந்தப் பிரிப்பு பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். யாழ்ப்பாணத்தில் உற்பத்தியின் அச்சாக இருந்தது நிலத்தைவிட நீர். நீரை யார் இறைப்பது, யார் குடிப்பது என்பதில்தான் உழவும் சாதியும் முடிச்சுப்போட்டுக் கிடந்தன. கட்சி ஆவணங்களைவிடக் கூத்தும் கதையும் அந்த முடிச்சைத் தெளிவாகக் காட்டின.

உடுப்பிட்டிச் சூழல் என்று இங்கே குறிப்பது உடுப்பிட்டி ஊரையும், அதைச் சூழ்ந்த இமையாணன், பொலிகண்டி, கரணவாய், கரவெட்டி, வதிரி, நெல்லியடி ஆகிய ஊர்களையும். இவ்வூர்கள் உறவாலும் சந்தையாலும் பாடசாலையாலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தனித்தனியே வெட்டி ஆராய இயலாதவை.

2. நிலமும் நீரும்

2.1 பரப்புக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் தோட்டக்காணியை ஏக்கரில் யாரும் பேசுவதில்லை, பரப்பில் பேசுவார்கள். 16 பரப்பு ஒரு ஏக்கர். நாலு பரப்பு, ஆறு பரப்பு வைத்திருப்பவரும் தம்மைக் கமக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம். சீதனமாகவும் முதுசமாகவும் தலைமுறைக்குத் தலைமுறை பிரிந்து பிரிந்து காணி சுருங்கியது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நெற்காணியை 25 ஏக்கராகவும் பிற காணியை 50 ஏக்கராகவும் வரையறுத்தபோது, மலையகத்திலும் தெற்கிலும் அது பேரதிர்வு. உடுப்பிட்டியில் அந்த எல்லையைத் தொடக்கூடியவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். சட்டம் நிலத்தை அளந்தது. இங்கிருந்த ஆதிக்கமோ நிலத்தின் பரப்பளவில் தங்கியிருக்கவில்லை.

2.2 துலா

ஆறில்லாத குடாநாடு இது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைக் கிணறு வெட்டித்தான் எடுக்கவேண்டும். மாரி மழையை நம்பிய ஒரு போக நெல் தவிர, புகையிலை, வெங்காயம், மிளகாய், மரக்கறி எல்லாமே இறைப்பில் வளர்ந்தவை. நொத்தாரிசு எழுதும் காணி உறுதிகளை எடுத்துப் பார்த்தால், பரப்புக் கணக்கு முடிந்த கையோடு கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழி, வாய்க்கால் என்று வரும். கிணற்றுப் பங்கு இல்லாத காணி பெயருக்குத்தான் காணி.

இயந்திரம் வரும்வரை இறைப்பு என்பது துலா. ஒருவரோ இருவரோ துலாமரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். தோட்டத்துக்குள் இன்னொருவர் வாய்க்காலை வெட்டி, மறித்து, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். நாலு பரப்புத் தோட்டத்துக்கும் குறைந்தது மூன்று உடல்கள் வேண்டும், அதுவும் விடியுமுன். சொந்தக் குடும்பத்தில் ஆள் போதாதபோது அந்த உடல்களை எங்கிருந்து பெறுவது? யாழ்ப்பாணச் சமூக அமைப்பின் முழுக் கொடூரமும் இந்தக் கேள்விக்கான விடையில் அடங்கியிருக்கிறது. சிறு காணிக்காரன் கைப்பலத்தால் பிழைக்கவில்லை. குறைந்த விலைக்குக் கட்டுண்டு கிடந்த பிறர் கைப்பலத்தால் பிழைத்தான். தஞ்சை மிராசுதாரின் ஆதிக்கத்துக்கு வயல் விரிவு காரணம் என்றால், இங்கே காணி சிறிதாயிருந்ததே ஆதிக்கத்தை இறுக்கியது. கூலி உயர்ந்தால் ஆறு பரப்புக் கமம் அடுத்த போகத்திலேயே ஒற்றிக்குப் போய்விடும் என்ற அச்சம் காணிக்காரனை விடவில்லை.

2.3 குடிமை

ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, சீதனத்தையும் ஒற்றியையும் பேசிய அதே மூச்சில் அடிமைகளையும் பேசியது. பிரித்தானிய ஆட்சி 1844இல் அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்தது. ஒழிந்தவர்களுக்குக் காணியும் கிடைக்கவில்லை, கிணறும் கிடைக்கவில்லை. குடியிருந்த வளவு கமக்காரருடையது. சீவிய பனை அவருடையது. இறைத்த கிணறு அவருடையது. ஆகவே அடிமை குடிமையாக மாறியது, அவ்வளவே.

தோட்டக் கிணற்றில் துலா மிதிக்கும் கால், குடிதண்ணீர்க் கிணற்றின் கட்டை மிதிக்கக்கூடாது. பெண்கள் குடத்தோடு கிணற்றடிக்குச் சற்று எட்ட நின்று, உரிமையுள்ள யாராவது வந்து ஊற்றும்வரை காத்திருக்கவேண்டும். இந்தக் காத்திருப்பைப் பண்பாட்டுத் தீட்டு என்று மட்டும் விளங்கிக்கொள்வது போதாது. தனக்கென்று கிணறு இல்லாதவள் எதிர்த்துப் பேசமுடியாது. எதிர்த்துப் பேசமுடியாதவள் வீட்டு ஆண்கள் சொன்ன கூலிக்கு வேலைக்குப் போவார்கள். ஒரு குடம் தண்ணீர் கூலியைத் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் போராட்டம் ஏன் அங்கே வெடித்தது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

3. சட்டம், வாக்கு, ஊர்வலம்

கல்வி முதலில் வந்தது. வதிரியில் சூரன் என்பவர் தொடங்கிய சைவப் பாடசாலை பின்னர் தேவரையாளி இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. உயர்சாதிப் பாடசாலைகளின் கதவு திறக்காத காலத்தில் ஒரு சமூகத்தின் முதல் ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் அது தந்தது. உடுப்பிட்டி, சிவசம்புப் புலவரின் ஊர். தமிழ்ப் புலமைக்குப் பேர்போன மண். அந்தப் புலமை வட்டத்துக்கு வெளியே எழுந்த இன்னொரு எழுத்து மரபைப் பற்றிப் பின்னர் பேசுவோம்; அதற்கு முன் அரசியல்.

1956இல் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. வடக்கில் ஒரு கம்யூனிஸ்ட் வென்றது வியப்பு. 1960இல் அவ்விடம் தமிழரசுக் கட்சியிடம் போனதில் வியப்பில்லை. உடுப்பிட்டி தனித் தொகுதியானதும் அப்போதுதான். 1957இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயில், கடை, பொதுக்கிணறு ஆகியவற்றில் தடை விதிப்பதைக் குற்றமாக்கியது. நடைமுறையில் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் கொடுக்கும் வழக்கம் அப்படியே தொடர்ந்தது. சட்டம் சொல்லாத ஒன்று உண்டு: பொதுக்கிணறு என்றால் எது? பெரும்பாலான கிணறுகள் உறுதியில் பங்குபோட்ட தனியார் சொத்து. எனவே சட்டம் நீரைத் தொடாமலே நின்றது.

1966 ஒக்டோபர் 21 திருப்புமுனை. தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிஸார் தடியடியால் மறித்தார்கள்; கூட்டம் கலையாமல் முற்றவெளிவரை போனது. கம்யூனிஸ்ட் இயக்கம் மொஸ்கோ, பீக்கிங் என்று பிளந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நா. சண்முகதாசன் தலைமையிலான பீக்கிங் சார்புக் கட்சியே இந்தக் கிளர்ச்சியின் பின்பலம். அடுத்த ஆண்டு உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தேநீர்க்கடைப் பிரவேசத்தையும் கோயில் நுழைவையும் ஊரூராக எடுத்துச் சென்றது. சங்கானை நிச்சாமத்தில் உயிர்கள் போயின. மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் 1968இல் நடந்த சத்தியாக்கிரகத்தை மறித்து நின்றவர் சி. சுந்தரலிங்கம், முன்னாள் கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். வடமராட்சியில் நெல்லியடியும் கன்பொல்லையும் இந்தக் கிளர்ச்சியின் பெயர்களாயின.

மாஓவின் சிந்தனையைப் படித்த கட்சி, உழவர் புரட்சியை எதிர்பார்த்திருந்தது. கிடைத்ததோ தேநீர்க்கடையின் வாங்கில் உட்காரும் உரிமைக்கான போராட்டம். அக்கட்சியின் பெருமை இதுதான்: புத்தகத்தில் இல்லாத போராட்டத்தை அது ஒதுக்கவில்லை. குறை, போராட்டத்தைக் கூலிக்கும் கிணற்றுப் பங்குக்கும் காணிக்கும் நீட்டிச் செல்லாதது. வாசல்கள் திறந்தபின் இயக்கத்தின் வேகம் தணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1977 தேர்தலில் உடுப்பிட்டியில் த. இராசலிங்கம் தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளராக வென்றார். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வாக்குகளால் தெரிவாகிச் சென்ற ஒருவரை உடுப்பிட்டித் தொகுதி தந்தது தற்செயல் அன்று. பத்தாண்டுக் கிளர்ச்சி இல்லாமல் அந்த வேட்புமனு நிகழ்ந்திராது. தேசியக் கட்சி சமூகப் போராட்டத்தின் விளைச்சலை அறுவடை செய்தது என்பாரும் உண்டு. எனக்கு அதில் பாதி உடன்பாடு.

4. சிந்து நடையில் கந்தன்

கலை வடிவங்களில் இந்தப் போராட்டத்தின் முதன்மையான ஆவணம் 'கந்தன் கருணை'. வராத்துப்பளையைச் சேர்ந்த என். கே. ரகுநாதன் எழுதிய நாடகம் அது. நெல்லியடி அம்பலத்தாடிகள் குழுவினர், இளைய பத்மநாதனின் முன்னெடுப்பில், அதைக் காத்தவராயன் கூத்துப் பாணிக்கு மாற்றி ஆடினார்கள்.

வடிவத் தேர்வில்தான் இதன் கூர்மை இருக்கிறது. வடமோடியும் தென்மோடியும் பயிற்சியும் உடுப்பும் கேட்பவை. காத்தான் கூத்தோ சிந்து நடையில், மெல்லிய துள்ளலோடு, அம்மன் கோயில் வெளிகளில் நேர்த்திக்காக ஆடப்படுவது. மெட்டு சபைக்கு முன்பே தெரியும். கதையும் இசைவானது: ஆரியமாலாவை விரும்பிய காத்தவராயன் சாதி எல்லை மீறியதற்காகக் கழுவேறுகிறான். அந்த மெட்டில், கோயிலுக்குள் விடப்படாத மக்களின் பக்கம் முருகனே வந்து நின்றால், பார்வையாளருக்கு விளக்கவுரை தேவையில்லை. கருத்தைப் பிரசாரமாகச் சொன்ன நாடகங்கள் அன்று நிறைய. அவற்றுள் பல மறக்கப்பட்டன. இது நின்றதற்குக் காரணம் அந்த மெட்டுத்தான். பின்னர் அ. தாசீசியஸ் இதைக் கொழும்பில் வேறு பாணியில் மேடையேற்றினார்.

ஒன்றைக் கவனிக்கலாம். 'கந்தன் கருணை' கோயில் வாசலில் நிற்கிறது, தோட்டத்துக்குள் போகவில்லை. துலாவில் நடந்தவர்களின் இறைப்புப் பாட்டு வாய்மரபில் இருந்தும் அரசியல் மேடைக்கு அது ஏறாமல் போனது ஓர் இழப்பு.

5. எழுத்தில் உழவர்

ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' சிறுகதை சிறியது. செய்த வேலை பெரியது. மேடையில் முற்போக்குப் பேசும் பெரிய மனிதர் ஒருவர், தம்மைத் தேடி வந்த ஒடுக்கப்பட்டோரை வீட்டுக்குள் அழைக்காமலிருக்க நிலவைக் காரணம் காட்டுகிறார். வன்முறை இல்லை, வசை இல்லை; உபசாரமே விலக்கும் கருவியாகிறது. யாழ்ப்பாணத்துக் கமக்காரரின் குணத்தை இவ்வளவு நுட்பமாகப் பிடித்த கதை அரிது.

செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' (1965), கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) ஆகியவற்றோடு போராட்டம் நாவலுக்குள் வருகிறது. டானியல் ஊரூராகச் சென்று கேட்டறிந்தவற்றைக் கொண்டே எழுதினார். 'கோவிந்தன்', 'அடிமைகள்', 'கானல்', 'தண்ணீர்' என்று நீண்ட வரிசையில் யாழ்ப்பாணத்தின் ஒரு நூற்றாண்டையே கீழிருந்து எழுத முயன்றார். 1986இல் தஞ்சாவூரில் காலமானார். கீழ்வெண்மணிக்கு அருகான மண்ணில் அவர் அடக்கமானதை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய மாந்தர் சில வேளை அறிக்கைபோலப் பேசுகிறார்கள் என்ற விமர்சனம் சரியே. ஆனால் வளவு, பனை, கிணறு, ஒற்றி, குடிமை எல்லாம் ஒரே பொருளாதாரத்தின் உறுப்புகள் என்பதை நாவல் வழியே தொடர்ந்து காட்டியவர் அவரே. 'தண்ணீர்' என்ற தலைப்பே நம் எடுகோளுக்கு வலுச்சேர்க்கிறது. டொமினிக் ஜீவாவின் முதல் தொகுதியும் 'தண்ணீரும் கண்ணீரும்'தான்.

உடுப்பிட்டிச் சூழலின் சொந்த எழுத்தாளர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் அவர் பொலிகண்டித் தெணியான். தேவரையாளி இந்துக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 'விடிவை நோக்கி' (1973) போராட்ட நாவல். அதன்பின் அவர் போன திசைதான் சுவையானது: 'மரக்கொக்கு' ஆதிக்கக் குடும்பமொன்றின் உள்ளிருந்து அதன் சரிவைப் பார்க்கிறது, 'பொற்சிறையில் வாடும் புனிதர்கள்' கோயில் பிராமணரின் அடைபட்ட வாழ்வை. ஒடுக்குபவரின் வீட்டுக்குள் நுழைந்து எழுதும் துணிவு டானியலிடமும் குறைவு. உழவு முறையைப் பொறுத்தவரை, காணியால் பிழைக்க முடியாமல் பெருமையால் மட்டும் நிற்கும் கமக்காரனை நமக்குக் காட்டியவர் தெணியான்.

6. எழுதப்படாத போகம்

1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியை மட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத் தோட்டங்கள் பொன் கண்டன. அதற்கு முன்னரே துலா மறைந்து இறைப்பு மெசின் பரவியிருந்தது. மூன்று உடல்கள் செய்த வேலையை எண்ணெய் ஊற்றிய ஓர் இயந்திரம் செய்தது. கிணற்றோடு கட்டியிருந்த கயிறு அறுந்ததில் இயக்கத்தின் பங்கு எவ்வளவு, மெசினின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை நம் இலக்கியமும் ஆய்வும் சந்திக்கத் தயங்கின. தன்மானம் கேட்டவர்களுக்குக் கமக்காரன் வாசலைத் திறந்தபோது, அவர்களுடைய உழைப்பு முன்போல அவனுக்குத் தேவைப்படவில்லை என்பதும் உண்மை.

அந்தச் செழிப்பான ஆண்டுகளில் களை பிடுங்கியவர்களும் மிளகாய் ஆய்ந்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். நாவல்களில் அவர்கள் கிணற்றடியில் நிற்கிறார்கள், அவமதிக்கப்படுகிறார்கள், சில வேளை எதிர்க்கிறார்கள். பாத்திக்குள் குனிந்து நிற்கும் நேரம் எழுத்தில் மிகக் குறைவு. 1977இன் திறந்த பொருளாதாரம் வெங்காய விலையை உடைத்தது. 1987 மே மாதம் வடமராட்சியில் தொடங்கிய இராணுவ நடவடிக்கை ஊர்களையே குலைத்தது. காணி உறுதிகளோடு பலர் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் போனார்கள். இன்று அக்காணிகள் பலவற்றைக் குத்தகைக்குச் செய்பவர்களில் முன்பு பங்கில்லாதவர்களின் பேரர்களும் உண்டு. குத்தகைக்காரர் தோட்டம் செய்கிறார், மின் மோட்டரைப் போடுகிறார், விற்று வருகிறார். உறுதியில் கிணற்றுப் பங்கு மட்டும் வெளிநாட்டில் இருப்பவர் பெயரிலேயே கிடக்கிறது. வடமராட்சி உழவர் வரலாற்றை எழுதப் புகுபவர் டானியலையும் தெணியானையும் ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையில் எடுக்கவேண்டியவை அந்த உறுதிகள்.