இறப்பரிலிருந்து இறங்குதுறைக்கு

கொட்டாஞ்சேனைக்கு மேற்கே விரிந்துகிடக்கும் கொழும்புத் துறைமுகத்தின் வரலாற்றை நோக்குவோர், உலக வல்லமை இடம்மாறிவரும் விதத்தை அதனூடே காணலாம்.

1952 டிசெம்பரில் இலங்கை சீனாவுடன் இறப்பர் – அரிசி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. கொரிய யுத்தம் நிகழ்ந்த காலம் அது. போருக்குதவும் பொருள்களைச் சீனாவுக்கு விற்கலாகாதென ஐக்கிய நாடுகள் சபை 1951இல் தீர்மானித்திருந்தது. இலங்கையோ அன்று அச்சபையின் அங்கத்துவ நாடன்று. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரை உலகச் சந்தையினும் உயர்ந்த விலைக்கு விற்று, 270,000 தொன் அரிசியை வாங்க இணங்கியது பொதுவுடைமையை எதிர்த்த டட்லி சேனநாயக்காவின் அரசாங்கமே. பங்கீட்டரிசியின்றி எவ்வரசாங்கமும் நிலைக்கவியலாத நாடல்லவா! அமெரிக்கா உதவியை மறுத்துத் தண்டித்தது.

அன்று பேரத்துக்குரியது பண்டம். இன்றோ இடமே பண்டமாயிற்று. 2013இல் இயங்கத் தொடங்கிய தெற்குக் கொள்கலன் முனையத்தில் சீனக் கம்பனிக்கு 85 வீதப் பங்கு. மறு ஆண்டு அங்கே சீன நீர்மூழ்கிக் கப்பலொன்று தரித்தபோது புதுடில்லி கலங்கியது. கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பான் ஆகியவற்றுடன் இணைந்து அமைக்கும் 2019ஆம் ஆண்டு இணக்கம், தொழிற்சங்க எதிர்ப்பினால் 2021இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு மேற்கு முனையத்தின் 51 வீதம் இந்தியாவின் அதானி நிறுவனத்திற்குச் சென்றது. முன்பு தண்டித்த அமெரிக்கா, 2023இல் அம்முனையத்திற்கு 553 மில்லியன் டொலர் கடன்தர முன்வந்தது. (அக்கடன் பெறப்படவில்லை.)

ஒருவருக்கு ஒரு முனையம் என்ற இவ்வுத்தியை நடுநிலைமை என்பாருமுளர். ஆயின் 1952இல் இலங்கை ஒப்புக்கொடுத்தது ஐந்தாண்டு இறப்பர்ப்பாலை; இம்முனையங்களின் உடன்படிக்கைகளோ 35 ஆண்டுகளுக்குரியன.