கதிர்ப்போரா, வைக்கோல்போரா: ஜப்பானியப் பாடநூலில் ஒரு நிலநடுக்கக் கதை

1937 முதல் 1947 வரை ஜப்பானிய அரசுப் பாடநூலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் படித்த பாடம் 'இனமுரா நோ ஹி'. நிலம் அதிர்ந்தபின் கடல் உள்வாங்குவதை மேட்டிலிருந்து காணும் கோஹேய் என்ற முதியவர், அறுத்து அடுக்கிய தம் கதிர்ப்போர்களுக்குத் தீ வைக்கிறார். அணைக்க ஓடிவந்த ஊரார் ஆழிப்பேரலைக்குத் தப்புகிறார்கள். வாகயாமா பகுதி ஆசிரியர் நகாய் சுனேசோ இதை எழுதினார். அவருக்கு மூலம், லஃப்காடியோ ஹெர்ன் 1897இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரை.

ஹெர்னுக்கு இது வாழும்போதே தெய்வமாக்கப்பட்ட ஒருவரின் கதை. ஊரார் அவருக்குக் கோயில் எழுப்பியதாகவும் எழுதுகிறார். இந்த வாசிப்பை ஏற்க முடியவில்லை. கதைக்கு அடிப்படையான ஹமாகுச்சி கோர்யோ அப்போது முப்பதுகளில் இருந்த சோயா சாறு வணிகர். ஹிரோ கிராமத்தில் 1854 டிசம்பர் 24 அன்று நிலம் கடுமையாகவே அதிர்ந்தது. அலை வந்தபின், இருளில் வழி தெரியாமல் தவித்தவர்களுக்காகவே அவர் தீ மூட்டினார். எரிந்தவை கதிரடித்து முடித்த வைக்கோல்போர்கள். கோயில் கட்ட ஊரார் முனைந்தபோது அவரே மறுத்துவிட்டார். தம் பணத்தில் ஊராருக்குக் கூலி கொடுத்து, சுமார் 600 மீட்டர் நீளத்துக்குக் கரை எழுப்பினார். 1858இல் வேலை முடிந்தது. அந்தக் கரையை ஹெர்ன் கண்டுகொள்ளவே இல்லை. தெய்வத்துக்குக் கரை எதற்கு?

ஆனால் ஹெர்னின் ஒரு பிழையைத் திருத்த எனக்கு மனமில்லை. அவர் கதையில் அதிர்வு மெல்லியது, நீண்டது. 1896 ஜூனில் சான்ரிக்கு கரையில் அப்படித்தான் நிலம் மெல்ல ஆடியது. பின் வந்த அலையில் ஏறக்குறைய 22,000 பேர் மாண்டார்கள். அந்தச் செய்தியே கதைக்குள் புகுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிழைதான், ஆனாலும் மெல்லிய அதிர்வை அலட்சியம் செய்யாதே என்று பிள்ளைக்குச் சொல்லும் பிழை.

இரு பிரதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். ஹெர்னிடம் பத்து வயதுப் பேரன் ஒருவன் உண்டு. தாத்தா கேட்டதும் பந்தம் கொளுத்தித் தருபவன் அவனே. அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டதென அழுபவனும் அவனே. நகாய் அவனை நீக்கிவிட்டார். சிறுவருக்கான பாடத்திலிருந்து சிறுவனையே எடுப்பானேன்? சுருக்கத்துக்காக என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பேரன் இருந்தால் பிள்ளைகள் அவனோடு சேர்ந்து தாத்தாவைப் பார்த்து மிரண்டிருப்பார்கள். அவன் இல்லாததால் கோஹேயின் கண்ணோடு கடலைப் பார்க்கிறார்கள்: நீர் பின்வாங்குகிறது, மணலும் கரும்பாறையும் வெளிப்படுகின்றன. நகாய் கைப்பட எழுதிய சான்று ஏதும் என்னிடம் இல்லை. பாடத்தின் அமைப்பே என் சான்று. கோயிலையும் அவர் விட்டுவிட்டார்; ஊரார் பேச்சின்றி மண்டியிடுவதோடு பாடம் முடிகிறது. தெய்வத்தின் நிழல் அங்கே இன்னும் விலகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1946 டிசம்பரில் மீண்டும் அலை வந்தது. கோர்யோவின் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. அப்போதும் வகுப்பறையில் இருந்த அந்தப் பாடத்தில் கரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பேரிடர் அறிஞர் கவாதா யோஷியாக்கி கரையையும் சேர்த்து எழுதிய புதிய பாடம் 2011 ஏப்ரலில்தான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தது.

2004 டிசம்பர் 26 காலை சென்னையிலும் நிலம் லேசாகத்தான் ஆடியது. அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நம் கடலோரப் பள்ளிகளுக்கு இக்கதையைத் தமிழாக்குவோர் ஹெர்னின் மெல்லிய அதிர்வையும் கோர்யோவின் கரையையும் சேர்த்தே தர வேண்டும். கோயிலை விட்டுவிடலாம்.