நீர்த்துப்போகாத நஞ்சு



வைரஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்று பொருள். தமிழில் நச்சுயிரி என்கிறோம். நம் சொல்லில் நஞ்சும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. இந்த இரண்டில் அது எது என்ற விவாதம் புகையிலை இலையைச் சுற்றி ஏறக்குறைய 70 ஆண்டுகள் நடந்தது. இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

நெதர்லாந்தில் வாகனிங்கன் என்ற ஊரின் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்தவர் அடால்ஃப் மாயர். அந்தப் பகுதியில் புகையிலை இலைகள் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக மாறிச் சுருங்கின. மாயர் நோயுற்ற இலையை அரைத்து, சாற்றை நல்ல செடிகளில் செலுத்தினார். பத்துக்கு ஒன்பது செடிகள் நோயுற்றன. 1886-இல் அதற்கு மொசைக் நோய் என்று பெயரிட்டார். காரணமான பாக்டீரியாவைத் தேடினார், கிடைக்கவில்லை.

1892-இல் ரஷ்யாவின் திமீத்ரி இவனோவ்ஸ்கி அதே சாற்றை மெருகிடாத பீங்கான் வடிகட்டியில் ஊற்றினார். பாக்டீரியா புக முடியாத நுண்துளைகள் கொண்டது அது. வடிந்த தெளிந்த சாறும் நோயைத் தந்தது. வைரஸின் வரலாறு இங்கே தொடங்குவதாகப் பாடநூல்கள் சொல்லும். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். பாக்டீரியா சுரந்த நச்சு கரைந்து வந்திருக்கலாம், அல்லது மிகச்சிறிய பாக்டீரியா ஒன்று நழுவியிருக்கலாம் என்பதற்கு மேல் அவர் போகவில்லை.

போனவர் மார்டினஸ் பெய்யரிங்க். மாயரோடு வாகனிங்கனில் பணியாற்றியவர். அவருடைய தந்தை புகையிலை வியாபாரத்தில் நொடித்துப்போனவர் என்பதையும் சொல்லவேண்டும். 1898-இல் டெல்ஃப்ட் நகரில் அவர் கேட்டது மிக எளிய கேள்வி: இது நஞ்சு என்றால் நீர்த்துப்போக வேண்டாமா? ஒரு செடியின் வடித்த சாற்றில் ஒரு துளியை இரண்டாவது செடிக்கு ஏற்றினார். அதன் சாற்றிலிருந்து மூன்றாவதற்கு. வெறும் நஞ்சாக இருந்தால் கைமாறக் கைமாற வீரியம் குறைந்திருக்கும். குறையவில்லை. ஆக, அது செடிக்குள் பெருகுகிறது. ஆனால் குப்பியில் வைத்த சாற்றில் பெருகவில்லை. வளரும் உயிரணுக்களுக்குள் மட்டுமே பெருகும் ஒன்று! அதற்கு 'உயிருள்ள தொற்றுத் திரவம்' என்று பெயர் வைத்தார். திரவம் என்றது தவறு. ஆனாலும் செல்லைக் கடன்வாங்கிப் பிழைக்கும் பொருள் என்ற எண்ணம் அவரிடம்தான் முதலில் உருப்பெற்றது. இவனோவ்ஸ்கி தனக்கு முந்தியவர் என்று தெரிந்ததும் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டவர் என்பதால் அவர்மீது எனக்குக் கூடுதல் மரியாதை.

1935-இல் அமெரிக்காவில் வெண்டல் ஸ்டான்லி நோயுற்ற இலைகளைப் பிழிந்து, வைரஸை உப்பைப்போலப் படிகமாக்கிவிட்டார். படிகமாகக் கிடந்து, கரைத்துத் தடவினால் மறுபடி பெருகுகிற ஒன்றை உயிர் என்பதா, ரசாயனம் என்பதா? அது வெறும் புரதம் என்றார் ஸ்டான்லி. இங்கிலாந்தின் பாடனும் பிரியும் அடுத்த ஆண்டே அதில் சிறிதளவு ஆர்என்ஏ இருப்பதைக் காட்டினார்கள். 1946-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது ஸ்டான்லிக்கு. அந்தச் 'சிறிதளவு'தான் முழு விஷயமும் என்று 1956-இல் தெரிந்தது. புரதத்தை நீக்கிய வெறும் ஆர்என்ஏவே செடிக்கு நோயைத் தந்தது.

இனி செல்லுக்குள் நடப்பதைப் பார்ப்போம். விலங்கு செல்லை நாடும் வைரஸ்கள் பெரும்பாலும் அதன் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் ஒட்டிக்கொண்டு நுழைகின்றன. தாவர செல்லுக்கோ தடித்த சுவர் உண்டு. ஆகவே இந்த வைரஸ் உரசலில் ஏற்பட்ட சிறு காயத்தின் வழியே நுழைகிறது. 300 நானோமீட்டர் நீளமான ஒரு குச்சி அது. சுமார் 2,130 புரதத் துண்டுகள் சுருளாக அடுக்கிய உறை, உள்ளே ஏறக்குறைய 6,400 எழுத்துக்கள் கொண்ட ஆர்என்ஏ. உள்ளே போனதும் உறை ஒரு முனையில் தளர்கிறது. செல்லின் ரைபோசோம் வந்து வாசிக்கத் தொடங்குகிறது. எழுதியவர் யார் என்று அது பார்ப்பதில்லை. வாசித்த வரிகளிலிருந்து முதலில் நகலெடுக்கும் நொதி பிறக்கிறது, பிறகு உறைப் புரதங்கள். செல்களுக்கிடையே உள்ள நுண்வழிகளை அகலப்படுத்தும் புரதம் ஒன்றும் உண்டு. அதன் துணையோடு பக்கத்து செல்லுக்குப் பயணம்.

காய்ந்த புகையிலையில் இந்த வைரஸ் பல ஆண்டுகள் அழியாமல் இருக்கும். நேரலையில் இருப்பவர்களில் பலர் கோடையில் தக்காளியும் மிளகாயும் வளர்க்கிறீர்கள். அவற்றையும் இது தாக்கும். சிகரெட் பிடித்த கையோடு தோட்டத்துக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால், முதலில் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போது எடுத்துக்கொள்ளலாம்.